மாடி வீட்டைப் பற்றி விசாரிக்க வந்தவள்

காப்பி வேண்டாம் அம்மா. விசாரிக்கப் போகிற இடத்தில் தண்ணீருக்கு மேல் நான் எதையும் வாங்கிக்கொள்வதில்லை. ஒருவருக்குக் காப்பி கொடுத்துவிட்டால், அதன்பிறகு அவரிடம் உபசாரமாகத்தான் பேசத் தோன்றும், உண்மை வராது. இந்த நாற்காலி போதும். கதவைச் சாத்த வேண்டாம், இங்கிருந்து மாடிப்படி தெரிகிறது.

கோகிலவாணி என்பது நீங்கள்தானே? முக்கில் இருக்கிற மளிகைக் கடைக்காரர்தான் உங்களைச் சொன்னார். "மாடியில இருக்கிற ரெண்டு தம்பிகளப் பத்திக் கேக்கணும்னா கீழ்வீட்டுக் கோகிலாக்காவக் கேளுங்க" என்றார். பெங்களூரில் தமிழ் பேசும் ஆள் கிடைப்பதே பெரிது என்று நினைத்து வந்தேன். அல்சூரில் மூச்சுவிட்டாலே தமிழாக இருக்கிறது. அதே கடைக்காரர், நான் கேட்காமலேயே இன்னொன்றும் சொன்னார். "ரெண்டும் நல்ல பசங்க. பெரியப்பா சித்தப்பா பிள்ளைங்க." எதிர்வீட்டு அம்மாளும் அதையேதான் சொன்னார். நீங்களும் வாசலிலேயே அதைச் சொல்லித்தான் என்னை உள்ளே அழைத்தீர்கள். மூன்று பேர், சொல்லுக்குச் சொல் ஒரே பதில்.

நான் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்தியவள். அரசுத் தேர்வுக்குப் பறக்கும் படையில் போகிறவர்களில் என் பெயர் எப்போதும் உண்டு. சரியான விடை பத்துத் தாளில் ஒரேபோல இருந்தால் அது படிப்பு. தவறான விடை மூன்று தாளில் ஒரேபோல இருந்தால் அந்த அறையில் பிட் ஓடியிருக்கிறது என்று பொருள். உங்கள் தெருவில் யாரோ பிட் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் அம்மா. ஏனென்றால், அந்த இருவரில் பொழிலன் என்பவனுடைய தகப்பனாருக்கு அண்ணனும் கிடையாது, தம்பியும் கிடையாது. எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அந்தத் தகப்பனாரோடு குடும்பம் நடத்தியவள் நான். பொழிலன் என் மகன்.

எழுந்திருக்காதீர்கள். மேலே போய்ச் சொல்லவும் வேண்டாம். அந்தப் போனை மேசைமேல் வையுங்கள், இப்படி, திரை கீழே பார்க்க. மகன் வீட்டுக்கு வந்தவள் மாடி ஏறாமல் கீழ்வீட்டில் உட்கார்ந்திருக்கிறாளே என்று பார்க்கிறீர்கள். மாடி ஏறிவிட்டால் நான் விருந்தாளி. விருந்தாளிக்கு ஒரு வீட்டைப் பற்றி எதுவும் தெரியவராது. துவைத்த விரிப்பைப் போட்டு, பொய்யான நேரத்துக்குச் சாப்பிட்டு, எல்லாம் ஒழுங்காக இருப்பதாகக் காட்டிவிடுவார்கள். நானே அப்படித்தான் காட்டுவேன்.

நேராகச் சொல்லிவிடுகிறேன். என் மகள் நறுமுகையின் கல்யாணம் பாதியில் நிற்கிறது. தை மாதத்துக்கு மண்டபம் பேசியாயிற்று. அது நடக்குமா நடக்காதா என்பது இந்த மாடி வீட்டை ஒட்டி இருக்கிறது. எப்படி என்று சொன்னால்தான் நீங்களும் எனக்கு ஒழுங்காகப் பதில் சொல்லுவீர்கள்.

மாப்பிள்ளை பெயர் பால்பாண்டி. நறுமுகையோடு வேலை பார்க்கிறவன். அவர்களாகப் பேசிக்கொண்டதுதான்; சாதியும் பொருந்தியிருந்ததால் காதல் என்பதை நான் பெரிதுபடுத்தவில்லை. ஆனால் விசாரிக்காமல் பெண் கொடுக்கிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. சொந்த ஊர் தேனிப் பக்கம் சின்னமனூர். தகப்பன் இல்லை, தாய் இல்லை. "ஒரே ஒரு அக்காதாம்மா" என்றாள் நறுமுகை. அதற்குமேல் அவள் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதைக் கேட்டுக்கொண்டு வருவதற்குத்தானே விசாரிப்பு என்று ஒன்று இருக்கிறது?

நான் முன்தகவல் கொடுக்காமல் போனேன். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு விடுதியில் தங்கினேன். முதலில் இஸ்திரி போடுகிறவர். எந்த வீட்டில் எத்தனை பேர், யார் சட்டை கிழிந்திருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். கேட்டேன். அந்த மனிதர் பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "யாரு, ராசாத்தியக்கா வீடா? நல்ல குடும்பம்மா. அக்கா முன்ன ராசபாண்டியா இருந்துச்சு, இப்ப ராசாத்தி. சமையல் காண்ட்ராக்ட். தம்பியப் படிக்க வச்சதே அதுதான்."

இவ்வளவு சாதாரணமாக, துவைத்த சட்டையை மடித்துக்கொண்டே. எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. புரிந்ததும் பூக்கடைக்குப் போனேன். அங்கேயும் அதே பதில். டீக்கடையில் அதே பதில், கூடவே, "பம்பாய்க்கு ஓடிப்போயி ஏழெட்டு வருசம் கழிச்சு வந்துச்சு. அவங்கப்பன் அடிச்ச அடி அப்பிடி. அதே அப்பனுக்குக் கடைசிக் காலத்துல பீ மூத்திரம் அள்ளுனதும் அதுதான்" என்று ஒரு துணுக்கு.

நீங்களே சொல்லுங்கள். ஒரு வீட்டில் இப்படி ஒன்று இருந்தால் என்ன செய்வார்கள்? மறைப்பார்கள். அதுதானே முறை? இங்கே தெருவே ஒரு புதிய ஆளிடம் எடுத்துச் சொல்கிறது. எனக்குச் சந்தேகம் பலமாகிவிட்டது. தேர்வு அறையில் ஒருவன், கேட்பதற்கு முன்பே சட்டைப் பையிலிருந்து சின்னத் துண்டுச்சீட்டை எடுத்துக் கொடுத்தான் என்றால், புத்தகத்தையே கிழித்துச் சாக்ஸுக்குள் வைத்திருக்கிறான் என்று அர்த்தம். இவர்கள் இதையே இவ்வளவு சுலபமாகச் சொல்கிறார்கள் என்றால், இதைவிடப் பெரியதாக எதையோ மறைக்கிறார்கள். பையனுக்கு வேறு குடும்பம் இருக்கிறதா, நோய் இருக்கிறதா, போலீஸ் வழக்கா? அடுத்த நாளும் அந்த ஊரிலேயே அலைந்தேன். திராட்சைத் தோட்டத்துக் காவல்காரரைக்கூட விட்டுவைக்கவில்லை. ஒன்றும் அகப்படவில்லை.

கடைசியில் கோயில் மண்டபத்தில் ஒரு பெரியவர், ராசாத்தி என்ற பெயரைக் கேட்டதும் வெற்றிலையைத் துப்பினார். "அது பொறப்பே கோணல். அந்த வீட்டுல சம்பந்தம் வைக்காதீங்க தாயி" என்றார். எனக்கு ஒரு நிம்மதி. இந்த ஊரில் ஒருவராவது ஒழுங்காகப் பேசுகிறாரே என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பேச்சுவாக்கில் அவர் பேத்தி கல்யாணம் வந்தது. சமையல் யார் என்று கேட்டேன். "ராசாத்திதான். பின்ன யாரு? அவ கைப் பக்குவம் இந்தச் சில்லாவுலயே கெடையாது" என்றார். அந்த ஊரில் ஒரு மனிதரையும் நம்ப முடியாது என்று அப்போதுதான் முடிவுசெய்தேன்.

ஊர் திரும்பப் பேருந்துக்கு நிற்கிறேன். ஒரு சரக்கு ஆட்டோவில் அண்டா குண்டாக்களுக்கு நடுவே உட்கார்ந்து, நல்ல உயரமாக, மூக்குத்தி போட்டுக்கொண்டு ஒருத்தி வந்து இறங்கினாள். "ரெண்டு நாளா எங்களப் பத்திக் கேட்டுக்கிட்டுத் திரியிற டீச்சர் நீங்கதானா? வீட்டுக்கே வந்திருந்தா நானே சொல்லியிருப்பேன்ல, கால் வலி மிச்சம்" என்றாள். நான் விடவில்லை. "உங்கள் ஊரில் உங்களை இவ்வளவு சுலபமாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்களே, எப்படி?" என்று கேட்டேன். சிரித்தாள். "ஏத்துக்கிட்டாங்கன்னு யாரு சொன்னா? பழகிட்டாங்க. எல்லாக் கல்யாணத்துலயும் அடுப்படியில நான்தான். மேடைக்கு ஒருத்தரும் கூப்பிட்டதில்ல. ஆனா மறைக்கல டீச்சர். அது வேற, இது வேற." பிறகு என் பையைத் தூக்கிப் பேருந்தில் வைத்துவிட்டு, "விசாரிக்கிறது நல்லதுதான். நாங்களும் வருவோம்" என்றாள். அதை நான் மரியாதைக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன்.

பையன்மேல் குறை ஒன்றும் அகப்படாததால் நானும் மண்டபம் பேசி முடித்தேன். ஒரு மாதம் கழித்து வந்தாள்.

எங்கள் குடியிருப்பு முகப்பேரில். படித்தவர்கள், பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்றவர்கள். மூன்றாம் மாடியில் இருக்கிற முன்னாள் பொறியாளர், இந்த மாதிரி மனிதர்களுக்கும் உரிமை உண்டு, கோர்ட்டே சொல்லிவிட்டது, நம் சமூகம்தான் வளர வேண்டும் என்று எங்கள் வாட்ஸப் குழுவில் பத்தி பத்தியாக எழுதுவார். ராசாத்தி கேட்டருகில் நின்றபோது, அவர்தான் மாடியிலிருந்து குரல் கொடுத்தார்: "வாட்ச்மேன்! கைதட்டிக் காசு கேக்க யாரோ வந்திருக்காங்க பாரு, உள்ள விடாதே." இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பட்டணத்தில் ஜாக்கிரதையாகத்தான் இருக்க வேண்டும். வாட்ச்மேன் விழுப்புரத்துக்காரர். தன் நாற்காலியை அவளுக்குப் போட்டுக் கொடுத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். பிறகு துணி காயப்போட வந்த மேல்வீட்டம்மா. பிறகு பால் பூத்துக்காரர். எல்லோரிடமும் விசாரித்து முடித்துவிட்டுத்தான் என் வீட்டு மணியை அடித்தாள். முறை தெரிந்தவள், அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

காப்பியைத் தொடவில்லை. "உங்க பையன் எங்க டீச்சர் இருக்காரு?" என்றாள்.

"ஜெர்மனியில்" என்றேன்.

"அப்பிடியா? நறுமுகை பெங்களூருங்குது. வாட்ச்மேன்ல இருந்து மேல்வீட்டம்மா வரைக்கும் ஜெர்மனிங்குறாங்க. ஜெர்மனில எந்த ஊருன்னா ஒருத்தருக்கும் தெரியல."

ஏன் ஜெர்மனி என்று நீங்களும் கேட்பீர்கள். அதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. என் கணவர் காலமானபோது பொழிலன் ராத்திரியோடு ராத்திரியாக வந்தான். காரை ஓட்டிக்கொண்டு அவனோடு இன்னொருவனும் வந்தான். வந்தவன் சும்மா இருக்கவில்லை. பந்தல்காரனோடு கழி பிடித்தான், தண்ணீர் கேன் தூக்கினான். துக்கத்துக்கு வந்தவர்கள் யார் இவன் என்று கேட்டார்கள். டிரைவர் என்றேன். அதில் என்ன தவறு? கார் ஓட்டித்தானே வந்தான்? டிரைவர்கள் சாப்பிடுகிற பந்தியில் உட்காரச் சொன்னேன். உட்கார்ந்து சாப்பிட்டான், முகம்கூடச் சுளிக்கவில்லை. காரியம் முடிந்த அன்றே பொழிலன் கிளம்பிவிட்டான். அதன்பிறகு வீட்டுக்கு வருவதில்லை. கோபக்காரன், அவன் அப்பாவைப்போல. வராத மகனுக்கு ஏதாவது ஒரு ஊர் வேண்டுமல்லவா? பக்கத்து ஊராக இருந்தால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். ஜெர்மனி என்றால் கேட்கமாட்டார்கள். எங்கள் குடியிருப்பில் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது அவர்களுடைய நாகரிகம்.

ராசாத்திக்கு அந்த நாகரிகம் கிடையாது. "பெங்களூருல அவரு தனியாவா இருக்காரு?" என்றாள்.

"நண்பன் ஒருவனோடு."

"பேரு?"

"தெரியாது" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒம்பது வருசமா ஒரே வீட்டுல இருக்காங்கன்னு நறுமுகை சொல்லுது, அந்த ஆளு பேரு தெரியாதா? நாங்க பேரு தெரியாதவங்களுக்கு எலை அறுக்கக்கூட வேலை குடுக்க மாட்டோம் டீச்சர். எங்கள நாலு தெரு விசாரிச்சீங்க. திராட்சைத் தோட்டம் வரைக்கும் போனீங்க. பெத்த பிள்ளை யாரு கூட உக்காந்து சோறு திங்குதுன்னு ஒரு நாளாச்சும் விசாரிச்சீங்களா?"

நான் நாற்பது பேர் கொண்ட ஆசிரியர் அறையில் ஒருவருக்கும் பயந்தவளில்லை. அன்றைக்கு, அவள் தொடாத காப்பியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். திமிர் பிடித்தவளுக்குப் பதில் சொல்லி என்ன ஆகப்போகிறது?

போகும்போது வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். "பொண்ணு தங்கம். எனக்கு ஒரு கொறையும் இல்ல. ஆனா ஆளை மறைக்கிற வீட்டுல நாங்க சம்பந்தம் பண்ண மாட்டோம். இன்னைக்கு அவரு ஜெர்மனி. நாளைக்கு நான் எந்த ஊருன்னு சொல்லுவீங்களோ. எந்தம்பிக்கு மாலை போட்டு மேடைக்குக் கூட்டியார மச்சினன் வரணும். அவரு யாரோட இருக்காரோ, அவரும் வரணும். வந்தா தை மாசம் கல்யாணம். இல்லன்னா, எந்தம்பிகிட்ட நான் பேசிக்கிறேன்."

கேட்டீர்களா அநியாயத்தை? சமையற்காரி எனக்கு நிபந்தனை போடுகிறாள். பால்பாண்டியோ அக்கா சொல்லைத் தாண்ட மாட்டான். நறுமுகையிடம் சொன்னேன், இந்தச் சம்பந்தமே வேண்டாம், வேறு இடம் பார்க்கலாம் என்று. அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. "அவங்க சொன்னதுல எது தப்புன்னு மட்டும் சொல்லும்மா. அண்ணா இல்லாம எனக்கும் கல்யாணம் வேண்டாம்" என்றாள். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டைத் தட்டில் போட்டுக்கொண்டு அறைக்குள் போய்விடுகிறாள். நான் பொழிலனைக் கூப்பிட்டேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவன் குரல். "வர்றேம்மா. ஜெபினும் வருவான். டிரைவரா வரமாட்டான்" என்றான். வைத்துவிட்டான்.

ஆமாம், பெயர் ஜெபின். மார்த்தாண்டத்துப் பக்கம். எனக்கு முன்பே தெரியும். பெயர் தெரிந்தால் ஆளைத் தெரிந்ததாகிவிடுமா?

இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். பொழிலன் அலுவலகத்தில் இந்த மாதிரி ஜோடியாக இருக்கிறவர்களுக்கென்று ஒரு நாள் வைத்து, வண்ண வண்ணமாகக் கொடி கட்டி, கேக் வெட்டுகிறார்களாம். நறுமுகை படம் காட்டினாள். அதே ஆள் வீட்டுக்காரரிடம் பெரியப்பா மகன் சித்தப்பா மகன் என்று சொல்லித்தான் இந்த மாடியை வாடகைக்குப் பிடித்திருக்கிறான். அவன் வைத்த ஜெர்மனி அது. யாரிடமிருந்து கற்றுக்கொண்டானோ தெரியவில்லை.

என் மகனைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். அவனை நான் பெற்றவள், அவன் குறை முழுவதும் எனக்குத் தெரியும். நான் விசாரிக்க வந்தது அந்த இன்னொருவனைப் பற்றி. ஊரறிய மண்டபத்தில் என் வீட்டு மனிதனாக ஒருவன் வந்து நிற்கப்போகிறான் என்றால், அவன் எப்படிப்பட்டவன் என்று எனக்குத் தெரிய வேண்டுமா இல்லையா? சொல்லுங்கள். குடிப்பானா?

"நல்ல தம்பிங்க." அது விடை இல்லை அம்மா. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.

எப்போதாவது, வீட்டுக்குள்ளேயே. சத்தம் இல்லை. சரி. வேலை நிரந்தரமா? கோபம் வருமா? கை நீட்டுவானா? என்ன, பொழிலனுக்குக் காய்ச்சல் வந்தபோது ராப்பகலாகப் பார்த்துக்கொண்டான் என்கிறீர்களா? அதை ஆஸ்பத்திரி நர்ஸும் செய்வாள், அதை வைத்து ஒருவரை எடைபோட முடியாது. சண்டை போட்டுக் கேட்டிருக்கிறீர்களா?

ஏன் தயங்குகிறீர்கள்? கேட்டிருக்கிறீர்கள். எதற்கு?

மீன் குழம்புக்கா? இவன் தேங்காய் அரைக்கக் கூடாது என்கிறான், அவன் தேங்காய் இல்லாமல் அது குழம்பே இல்லை என்கிறான். ஒரு முறை கரண்டி விழுந்த சத்தம் உங்கள் வீடு வரைக்கும் கேட்டது. இப்போதுதான் நீங்கள் உண்மை பேச ஆரம்பித்திருக்கிறீர்கள். சண்டைக்குப் பிறகு யார் முதலில் பேசுவது? அவனா? ஒவ்வொரு தடவையுமா? பொழிலன் இறங்கி வருவதே இல்லையா? ஆமாம், மாட்டான். எனக்குத் தெரியும். அவன் அப்பாவும் இறங்கி வந்ததில்லை. ஒவ்வொரு தடவையும் நான்தான் போய்ப் பேச வேண்டும். அது எத்தனை கஷ்டம் என்று பேசிப் பார்த்தவர்களுக்குத்தான்...

இருங்கள். மாடிக் கதவு திறக்கிறது. இது பொழிலன் நடை இல்லை. அவன் குதிகாலை இழுத்து நடப்பான். நீங்கள் ஜன்னல் பக்கம் போக வேண்டாம். கூப்பிடவும் வேண்டாம். நானே கூப்பிடுகிறேன்.

தம்பி. இந்தப் பக்கம். ஆமாம், நான்தான். பையைக் கீழே வையுங்கள். காலில் விழ வேண்டாம், அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. அவனைக் கூட்டிவரவும் வேண்டாம். எனக்கு அவனிடம் வேலை இல்லை, உங்களிடம்தான். கோகிலவாணி, இவருக்கு ஒரு நாற்காலி போடுங்கள். உட்காருங்கள் தம்பி, நின்றுகொண்டு பேசுகிற பேச்சு இல்லை இது.

நான் அடுத்த வாரம் மார்த்தாண்டம் போகிறேன். நீங்கள் வீட்டுக்குத் தகவல் சொல்லக் கூடாது. நாலு பேரிடம் விசாரித்துவிட்டுத்தான் நான் வாசல் மிதிப்பேன். உங்கள் வீட்டில் எதிரே உட்கார்ந்து பேசப் பெரியவர்கள் யார் இருக்கிறார்கள்?

உங்களோடு யாரும் பேசுவதில்லை என்பது நான் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. யார் இருக்கிறார்கள் என்றுதான் கேட்டேன். அம்மா இருக்கிறார். ஒரு தாய்மாமன். அது போதும், எங்கள் பக்கமும் நான் ஒருத்திதான். கண்ணைத் துடையுங்கள். உங்களோடு அவர்கள் பேசாவிட்டால் என்ன, நான் போய்ப் பேசுகிறேன். அவர்கள் எந்தத் தெரு?